மூன்றரைக் கோடி படங்களில் புலி எங்கே?

"2018 புலிக் கணக்கெடுப்பில் எடுத்த படங்களையெல்லாம் யார் உட்கார்ந்து பார்த்தது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 26,838 இடங்களில் வைத்த தானியங்கி கேமராக்கள் எடுத்தவை 3,48,58,623 படங்கள். புலி இருந்தவை 76,651, அதாவது ஆயிரத்துக்கு இரண்டு சொச்சம். இனவாரியாகப் பிரிக்கும் வேலையில் கேட்ராட் என்ற மென்பொருள் கைகொடுத்தது.

கேமராவின் சென்சாருக்கு விலங்கு தெரியாது, வெப்பம் நகர்வதுதான் தெரியும். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலே படம் எடுத்துவிடும். தான்சானியாவின் செரெங்கெட்டியில் 225 கேமராக்கள் 2010 முதல் 2013 வரை எடுத்தவற்றில் முக்கால்வாசி காலிப் படங்கள்.

இவற்றைக் கழிக்க உலகெங்கும் பலர் பயன்படுத்துவது மெகாடிடெக்டர் என்ற மென்பொருள். இது இனம் சொல்லாது. விலங்கு, மனிதர், வாகனம் என மூன்றே வகை. கண்ட இடத்தில் ஒரு கட்டம் போட்டு, எவ்வளவு உறுதி என்று 0 முதல் 1 வரை மதிப்பெண் தரும். நாம் வைக்கும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே வருபவை கழிந்துவிடும். ஐந்தாம் பதிப்புக்கு 0.2 போல வெட்டுப்புள்ளி வைத்தால் போதும். நான்காம் பதிப்பில் 0.8 வைத்துப் பழகியவர்கள் இதற்கும் அதையே வைத்தால், நிஜ விலங்குகளும் காலிப் படங்களோடு போய்விடும்.

தலைவலி தருவது மரக்கட்டைதான். படுத்திருக்கும் மானைப் போன்ற கட்டை ஒன்று கேமராவுக்கு எதிரே கிடந்தால், எல்லாப் படத்திலும் அது 'விலங்கு'. வெட்டுப்புள்ளியை உயர்த்தினால் இருட்டில் ஓரமாய் ஓடும் முயலும் சேர்ந்து போகும். இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது: படத்தைப் பார்க்காதே, கட்டம் விழுந்த இடத்தைப் பார்! உயிருள்ள எதுவும் நாள்கணக்கில் ஒரே இடத்தில், ஒரே அளவில் நிற்காது. ஒரே கேமராவின் படங்களில் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்றாக விழும் கட்டங்கள், உதாரணமாகப் பத்து முறைக்கு மேல் வந்தால் சந்தேகம். அப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு மாதிரிப் படத்தை மென்பொருள் எடுத்து வைக்கும். நிஜ விலங்கு இருக்கும் மாதிரிகளை மனிதர் நீக்கிவிடுவார். மிஞ்சுபவை கட்டை, பாறை, இலை. அந்தக் கட்டங்களின் மதிப்பெண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி விழும், அவ்வளவுதான். எதுவும் அழிவதில்லை, தப்பாகிப்போனால் திரும்ப எடுக்கலாம்.

மனிதக் கண் எதற்கு என்றால், அசையாமல் படுத்து அசைபோடும் காட்டெருமையும் அதே இடத்தில் இருபது படங்களில் இருக்கும்.

கேமரா வாங்கக் கிடைக்கும் நிதி, படங்களை ஒழுங்காக அடுக்கும் ஆளுக்குச் சம்பளம் தரவும் கிடைக்க வேண்டும் என்பேன். இந்த முறை முழுக்க அந்த அடுக்கலை நம்பியே நிற்கிறது. இரண்டு கேமராக்களின் படங்களை ஒரே போல்டரில் கொட்டினால் கட்டங்கள் குழம்பும். ஒரே எண்ணுள்ள கோப்புகள் ஒன்றை ஒன்று அழிக்கவும் கூடும். யானை முட்டிக் கேமரா திரும்பிவிட்டால் அதே கட்டைக்கு இடம் மாறிவிடும். அந்தத் தேதியிலிருந்து தனி போல்டர் போட வேண்டும்.