ஏ.கே.ஐ. – திடீர்ச் சிறுநீரக ஊறு

"மாமாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சாம் தம்பி" என்று மேல் லயத்து மாமி டயக்னோசிஸ் காட்டை நீட்டினார். அதில் இருந்தது 'ஏ.கே.ஐ.' என்ற மூன்றெழுத்துதான். அக்கியூட் கிட்னி இஞ்சரி. கிட்னி போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

முன்பு இதை 'அக்கியூட் ரீனல் ஃபெயிலியர்', அதாவது சிறுநீரகச் செயலிழப்பு, என்றே மருத்துவர்கள் எழுதினார்கள். சிறுநீரகம் நின்றுபோகும்வரை காத்திராமல், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் சற்று ஏறும்போதே பிடித்துவிட வேண்டும் என்பதால் 2007 அளவில் ஃபெயிலியர் விலகி இஞ்சரி நிலைத்தது. நம் பேச்சில் மட்டும் பழைய சொல் அப்படியே தங்கிவிட்டது.

அக்கியூட் என்பதன் லத்தீன் வேர் 'கூர்மையான' என்று பொருள்படும். மருத்துவத்தில் அது திடீரென வந்ததைக் குறிக்கும். 'கடும்' என்று எழுதுவது தவறு, லேசான ஏ.கே.ஐ.யும் உண்டே. இஞ்சரிக்குக் 'காயம்' என்றால் மலையில் சறுக்கி விழுந்து அடிபட்டதாகத்தான் தோன்றும். 'ஊறு' நல்ல சொல். உறு என்ற வேரில் பிறந்தது, வந்து சேர்ந்த தீங்கைச் சொல்வது. ஊறு ஆறும், செயலிழப்பு என்றதுமே மனம் விட்டுப்போகிறது.

மாமாவுக்கு அது வந்த வழி டீ.பி. குளிசை. ஆறு மாதம் குடிக்க வேண்டியதை, இருமல் நின்றதும் மூன்றாம் மாதம் விட்டுவிட்டார். கிளினிக் போனால் ஒரு நாள் பேர், அதாவது சம்பளம், போகுமே. சில வாரம் கழித்து மிச்சம் இருந்ததைத் தானாகவே எடுத்தார். சில மணி நேரத்தில் நடுக்கம், வாந்தி, இடுப்புக்கு மேல் வலி. மறுநாள் சிறுநீர் ஒரு கோப்பைகூட வரவில்லை. டீ.பி. குளிசையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்து இப்படிச் செய்யும். விட்ட இடைவெளியில் உடம்பு அதற்கெதிரான பொருளைத் தயாராக வைத்திருக்கிறது. மருந்து திரும்பி வந்ததும் அந்தத் தாக்குதலில் சிறுநீரகக் குழாய்கள் அடிபடுகின்றன என்பது விளக்கம். அரிதுதான், ஆனால் விட்டுவிட்டு எடுப்பவர்களிடமே அதிகம். (அந்தக் குளிசையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ஊறு அல்ல. சிறுநீரின் அளவு குறைந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

"அப்போ சரியாகிடுமா?" என்றார் மாமி. பெரும்பாலும் சில வாரங்களில் தேறும், சிலருக்கு இடையில் டயாலிசிஸ் தேவைப்படும் என்றேன். டீ.பி.க்கு வேறு மருந்து டாக்டர் தருவார், ரிஃபாம்பிசின் மட்டும் இனி ஆகாது. அதைக் கொப்பித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, காட் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக் கொடுத்தேன்.