முதலில் சமநிலை, பெடல் பிறகு

குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். கால்தசையைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்திருந்தார். இரண்டு ஆண்டுகள் துணைச் சக்கரங்களோடு சைக்கிள் ஓட்டியவன், அவற்றைக் கழற்றிய அன்றே முதல் திருப்பத்தில் விழுந்திருக்கிறான். பிறகு சைக்கிளைத் தொடவே மறுத்துவிட்டான். "இரண்டு வருடம் ஓட்டியதை எப்படி டாக்டர் மறப்பான்?" என்று கேட்டார்.

அவன் எதையும் மறக்கவில்லை. சமநிலையை அவன் கற்கவே இல்லை.

இரு சக்கரத்தில் செல்லும்போது வண்டி இடப்பக்கம் சாய்ந்தால், ஹேண்டிலையும் அதே பக்கம் சற்றுத் திருப்ப வேண்டும். அப்போதுதான் சக்கரங்கள் மீண்டும் உடலுக்கு அடியில் வந்து சேரும். திருப்பத்தில் வண்டியும் உடலும் உட்பக்கமாகச் சாய வேண்டும். துணைச் சக்கரம் பூட்டிய வண்டியால் சாய முடியாது. திருப்பத்தில் உடலின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் விழுகிறது. ஈராண்டுகள் அந்தச் சிறுவனின் உடல் பழகியது இதற்குத்தான். பெடல் மிதிப்பது எளிது, சில நாட்களில் வந்துவிடும். கடினமான பாடம் சமநிலை. துணைச் சக்கரம் அதைக் குழந்தையின் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது.

1817இல் ஜெர்மனியில் கார்ல் டிராய்ஸ் உருவாக்கிய இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தித்தான் ஓட்டினார்கள். குழந்தைகளுக்கும் அந்த வழியையே பரிந்துரைக்கிறேன். இதற்கெனப் பெடல் இல்லாத வண்டிகள் கிடைக்கின்றன. இரண்டு வயதளவில் பல குழந்தைகள் அவற்றில் தொடங்கிவிடலாம். வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. இருக்கும் சைக்கிளின் இரு பெடல்களையும் கழற்றினால் போதும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் நிறைய.

சீட்டை நன்றாக இறக்குங்கள். இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்து, முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். வண்டிகள் வராத, சமமான கெட்டித் தரை நல்லது. புல்வெளியில் விழுந்தால் வலி குறைவுதான். ஆனால் சக்கரம் சிக்கிச் சிக்கி நகர்வதால் பிள்ளை சீக்கிரம் களைத்துவிடும். முதலில் நடப்பார்கள், பிறகு ஓடுவார்கள், ஒருநாள் தாமாகவே இரு கால்களையும் தூக்கி மிதந்து செல்வார்கள். பார்வை முன்னால் இருக்க, கால் தூக்கியபடியே வளையவும் தெரிந்துவிட்டால் பெடலைப் பூட்டலாம். அதற்கு முன் பிரேக்கைப் பழக்கிவிடுங்கள். விரல்கள் பிரேக்குக்கு எட்டுகின்றனவா என்றும் பாருங்கள்.

பெரியவர்கள் ஹேண்டிலைப் பிடிக்கவே கூடாது. பிடித்தால் சாய்வைத் திருத்துவது நம் கை, குழந்தையின் கை அல்ல. தேவைப்பட்டால் பின்னாலிருந்து அக்குளில் இலேசாகத் தாங்குங்கள். "பிடித்திருக்கிறேன்" என்று பொய் சொல்லிவிட்டுக் கையை எடுக்கும் பழக்கம் எனக்கு அறவே பிடிப்பதில்லை. விழுகிற பிள்ளை சைக்கிளை மட்டுமல்ல, உங்கள் சொல்லையும் சேர்த்துச் சந்தேகிக்கும்.

அந்தச் சிறுவனின் தசைகளில் எந்தக் குறையும் இல்லை. பெடலைக் கழற்றிக் கொடுத்தோம். மூன்றாவது வாரம் அவனே ஸ்பேனரை எடுத்துவந்து, பூட்டித் தரச் சொன்னானாம்.

தசை இறுக்கமோ சமநிலைக் குறைபாடோ உள்ள குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுக்கு மூன்று சக்கர வண்டியே பெரிய விடுதலையாக அமையலாம். சிகிச்சை அளிப்பவரோடு பேசி முடிவெடுங்கள்.

தலைக்கவசம் புருவத்துக்கு இரு விரல் மேலே, ஆடாமல் நிற்க வேண்டும். ஹேண்டில் முனையின் ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் குழாய் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். விழும்போது அந்த முனை வயிற்றில் குத்தினால், தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே கணையமோ குடலோ மண்ணீரலோ காயப்பட்டிருக்கலாம். சில மணி நேரம் கழித்துக்கூட வயிற்றுவலியோ வாந்தியோ தொடங்கலாம். தொடங்கினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஹேண்டில் வயிற்றில் குத்தியது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.