'ரிப்': கிழிக்காதீர்கள், உருவுங்கள்

பாட்டு சிடியைக் கணினியில் ஏற்றுவதற்குக் 'குறுந்தகடு கிழித்தல்' என்று எழுதுவதை யார் தொடங்கி வைத்தார்களோ, இன்னும் சாக மாட்டேன் என்கிறது. இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'ரிப்' (rip) என்பார்கள். அகராதியில் அதைத் தேடி, முதலில் கிடைத்ததை ஒட்டிவிட்டுப் போன வேலை.

ஆங்கிலத்தில் ரிப் என்றால் கிழிப்பது, பிய்த்தெடுப்பது. 1980களில் கமடோர், அமிகா கணினி விளையாட்டுகளுக்குள் கிடந்த இசையையும் படங்களையும் தனியே பிய்த்தெடுத்தவர்களிடையே புழங்கிய சொல். பிறகு சிடிக்கும் ஒட்டிக்கொண்டது. சொல் வரலாறு இவ்வளவு போதும்.

சரி, 'நகலெடு' என்றால் என்ன குறை? நகலெடுக்கக் கோப்பு வேண்டுமே! பாட்டு சிடியில் கோப்பே கிடையாது. ஒரு வினாடி ஒலி 75 துண்டாகப் பதிந்திருக்கும், ஒவ்வொன்றும் 2,352 பைட், அத்தனையும் ஒலி. கோப்புகள் வைக்கும் தரவு சிடியின் துண்டில் 2,048 பைட்தான் தரவு; மிச்சம் முகவரி, பிழைதிருத்தம் போன்றவற்றுக்கு. பாட்டு சிடியில் அந்த ஒதுக்கீடு இல்லாததால், கேட்ட இடத்தில் சரியாக இறங்காமல் சற்றே தள்ளிப் படித்துவிடும் டிரைவ்கள் உண்டு. பாட்டு சிடியைப் படிக்கும் சிடிபாரனோயா என்ற நிரல் ஒவ்வொரு பகுதியையும் பக்கத்துப் பகுதியோடு கொஞ்சம் மேற்படியவிட்டுப் படித்து, பொருத்திப் பார்த்துத்தான் ஒலியை வெளியே எடுக்கிறது. இத்தனை சிரமத்தையும் 'நகல்' மறைத்துவிடுகிறது.

'பிரித்தெடு' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லினக்ஸில் பொதி கட்டுபவரிடம், அதாவது நிரல்களை நிறுவத் தோதாக மூட்டை கட்டித் தருபவரிடம், போய்ச் சொல்லிப் பாருங்கள். அவர் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் (tar) கோப்பைப் பிரித்தெடுத்துவிட்டுத்தான் மற்ற வேலையையே தொடங்குவார். அதே குறிப்பில் சிடியையும் பிரித்தெடுக்கச் சொன்னால் எது எதுவென்று அவருக்கு எப்படித் தெரியும்? கலைச்சொல் ஆக்குகிறவர்கள் ஒரு தடவையாவது அந்த நிரலை ஓட்டிப் பார்த்திருந்தால் இது வந்திருக்காது. அவர்களுக்குச் சொல் தனித்தமிழாக இருந்தால் போதும்; புரிவது பயனர் பாடு.

நம்மிடம் 'உருவு' இருக்கிறது. முருங்கைக் கீரையை உருவுகிறோம், உறையிலிருந்து வாளை உருவுகிறார்கள், பஸ்ஸில் பர்ஸை உருவுகிறான். வேண்டியதை மட்டும் இழுத்து எடுப்பது. கூடவே லேசான திருட்டு வாசனை. அது ஆங்கிலச் சொல்லிலும் உண்டு. உருவினால் காம்பு மொட்டையாகிவிடுமே, சிடி அப்படியே இருக்கிறதே என்பார்கள். 'நெட்டிலிருந்து உருவியது' என்று சொல்லும்போது மூலம் அங்கேயேதான் இருக்கிறது, யாரும் குழம்புவதில்லை. உருவல், ஒலியுருவி என்று பெயராக்கவும் இடம் கொடுக்கிறது. 'ரிப் செய்' என்பதையே வைத்துக்கொள்கிறீர்களா, அதுவும் பரவாயில்லை, கிழிப்பதைவிட மேல்.

அப்புறம், உருவுவதும், உருவிய ஒலியை எம்பி3 போன்ற வடிவத்துக்குக் குறியாக்குவதும் (encode) வேறு வேறு வேலை. இரண்டையும் 'மாற்றி' (converter) என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். இரண்டும் வேறு என்பதற்கு, டெபியன் லினக்ஸில் உள்ள ஏபிசிடிஈ (abcde) என்ற கருவி நல்ல சான்று. பெயர் 'மேம்பட்ட சிடி குறியாக்கி' என்று விரியும். ஆனால் அது வெறும் ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளின் தொகுப்பு. உருவ சிடிபாரனோயா, எம்பி3ஆகக் குறியாக்க லேம், இழப்பில்லாமல் வேண்டுமென்றால் ஃபிளாக் என்று பிறரை ஏவுகிறது. அதனால்தான் பொதி இயங்க வேண்டிய மற்ற நிரல்களைச் சொல்லும் சார்புப் பட்டியலில் உருவிக்குத் தனியாகவும் குறியாக்கிக்குத் தனியாகவும் நிரல்களைக் குறிக்க வேண்டியிருக்கிறது. ஏபிசிடிஈக்கு ஒரு வரி விளக்கம் எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: 'சிடியிலிருந்து பாட்டை உருவிக் குறியாக்கும் கட்டளைவரிக் கருவி'.