லிக்: தமிழில் ‘பிடி’

பெடல் ஸ்டீல் கித்தார் (கிடத்தி வைத்து, தந்திகள்மேல் உருளையை நகர்த்தி, காலால் பெடல் அழுத்தி வாசிப்பது) கற்றுத்தரும் காணொளி ஒன்றுக்குத் தமிழில் தலைப்பு போட்டிருந்தார்கள்: ‘செவ்வியல் நாட்டு நக்கல்கள்’. ‘கிளாசிக் கன்ட்ரி லிக்ஸ்’ என்பதைத்தான் இப்படி மாற்றியிருக்கிறார்கள். இந்த ‘நக்கல்’ என் கண்ணில் படுவது இது மூன்றாவது முறை. தமிழில் நக்கல் என்றால் கேலி. கன்ட்ரி என்ற அமெரிக்க இசைவகையைக் கற்க வந்தவர் இதைப் படித்து என்னவென்று புரிந்துகொள்வார்?

லிக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் நாவால் நக்குவது. சட்டென்று விழும் அடி என்ற பொருளும் பிறகு சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜாஸ் கலைஞர்கள் கைப்பழக்கமான குட்டி இசைத்தொடரை அப்படி அழைத்தார்கள். வேர் பற்றி இவ்வளவு போதும்.

லிக் எப்படி இருக்கும்? ஒன்றை வாசித்தே பார்க்கலாம். ஈ9 முறையில் சுருதி சேர்த்த 10 தந்திகள். இடக்கையில் உள்ள எஃகு உருளையை 3ஆம் ஃப்ரெட் கோட்டின்மேல் (சுர இடத்தைக் காட்டும் குறுக்குக் கோடு) வையுங்கள். இடது காலால், தந்தியின் சுரத்தை ஏற்றும் ஏ, பி பெடல்களைச் சேர்த்து அழுத்தியபடி 4, 5, 6ஆம் தந்திகளை மீட்டினால் சி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). ஒலி அடங்குமுன் பாதத்தை மெல்லத் தூக்குங்கள். 4ஆம் தந்தி அசையாமல் நிற்கும். மற்ற இரண்டும் வழுக்கி இறங்க, ஜி கார்டு வந்து உட்காரும். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் இது விழுந்தால் போதும், கன்ட்ரி என்று தெரிந்துவிடும். 1954இல் வெற்றிபெற்ற பாடகர் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலால் சுரத்தை நகர்த்தினார். அதைக் கேட்டுத்தான் பலர் தங்கள் ஸ்டீலில் பெடல் பொருத்தினார்கள்.

சரி, நக்கல் வேண்டாம் என்பவர்கள் ‘சங்கதி’ என்கிறார்கள். கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. சங்கதி ஒரு கீர்த்தனையின் ஒரு வரிக்குச் சொந்தம். அதே வரியைத் திரும்பப் பாடும்போது படிப்படியாக வளர்வது. அந்த வரியை எடுத்துவிட்டால் சங்கதிக்கு இடமில்லை. லிக்கோ எந்தப் பாட்டுக்கும் சொந்தமில்லை. இன்று ஒரு பாட்டின் தொடக்கத்தில் வாசித்ததை நாளை இன்னொன்றின் முடிவில் வாசிக்கலாம்.

தனித்தமிழ் அன்பர்கள் ‘இசைத்துணுக்கு’ என்கிறார்கள். தனித்தமிழ் எனக்கும் வேண்டியதுதான். ஆனால் துணுக்கு என்றால் பெரிய ஒன்றிலிருந்து கிள்ளிய துண்டு. பத்திரிகையில் மீந்த இடத்தை நிரப்புவதும் அதுதான். மேலே வாசித்த லிக்குக்குப் புறப்பாடும் உண்டு, வந்து இறங்கும் இடமும் உண்டு. அதில் எதுவும் அறுந்து நிற்கவில்லை.

நம் பாடகர்கள் நாவிலேயே சொல் இருக்கிறது: பிடி. ஆலாபனையில் ஒரு பிடி விழுந்ததுமே ‘பைரவி’ என்று அடையாளம் கண்டுகொள்கிறோமே, அதே வேலையைத்தான் லிக் கன்ட்ரிக்குச் செய்கிறது. குரு வாசிக்கச் சீடர் கேட்டு மனத்தில் ஏற்றுவதும் அதே வழி. இதுவும் தனித்தமிழ்தானே? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டுமுன் வாசிக்கிற ஒருவரைக் கேட்டிருக்கலாம். கேட்காததால்தான் ‘எஃகு கித்தார்’ என்றும் எழுதுகிறார்கள். ஸ்டீல் என்பது கையிலிருக்கும் அந்த உருளை. கித்தார் எஃகால் செய்ததல்ல.

ஒரு தடை உண்டு. எந்தெந்தத் தந்திகளைச் சேர்த்து மீட்டுவது என்ற வலக்கை அமைப்பை ஸ்டீல் வாசிப்பவர்கள் ‘கிரிப்’ என்பார்கள்: 3-4-5, 4-5-6, 5-6-8, 6-8-10. அதையும் பிடி என்றால் குழப்பம்தான். அதற்கு ‘விரற்கட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். 4-5-6 விரற்கட்டில் ஒரு பிடி, ஸ்டீல் கலைஞர் ரால்ஃப் மூனியின் பிடி, இன்னொரு ஸ்டீல் கலைஞர் லாய்ட் கிரீனின் பிடி என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.