மேடே: ஆபத்தில் மூன்று முறை ஒலிக்கும் சொல்

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் கப்பலும் விமானமும் ரேடியோவில் சொல்வது 'மேடே'. மே தினத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1920களின் தொடக்கத்தில் லண்டன் க்ராய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்டு உருவாக்கியது. அங்கிருந்து பெரும்பாலான விமானங்கள் பாரிஸின் லெ பூர்ஷேவுக்குத்தான் போய்வந்தன. அதனால் 'எனக்கு உதவுங்கள்' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியை எடுத்துக்கொண்டார். 1927 வாஷிங்டன் மாநாடு அதைச் சர்வதேச அழைப்பாக ஏற்றது.

ஆபத்துக் குறியீடாக எஸ்ஓஎஸ் இருக்கும்போது இது எதற்கு? எஸ்ஓஎஸ் மோர்ஸ் தந்திக்கானது, பேச்சில் தடுமாறும். 'ஸ்' ஒலியின் ஆற்றலில் பெரும்பங்கு 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பேச்சு ரேடியோ கடத்துவதோ ஏறக்குறைய 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை. எனவே 'எஸ்' மறுமுனையில் 'எஃப்' போல விழும். 'மேடே'யில் உள்ள நெடில்கள் இரைச்சலிலும் தாக்குப்பிடிக்கும்.

கடலில் அழைக்க, படகுகளில் இருக்கும் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) ரேடியோவில் 16ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். ரேடியோ அனுப்பும் திறன் 1 வாட்டில் கிடந்தால் 25க்கு மாற்ற வேண்டும். 'மேடே' மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, அழைப்புக்குறி (படகின் ரேடியோ அடையாளம்). பிறகு மீண்டும் ஒருமுறை 'மேடே'யும் பெயரும், உடனே இருப்பிடம். அதன்பின் என்ன ஆபத்து, என்ன உதவி, எத்தனை பேர். இருப்பிடத்தை முன்னால் வைப்பதில்தான் இந்த வரிசையின் புத்திசாலித்தனம்: பாதியில் பேட்டரி செத்தாலும் தேட ஓர் இடம் கிடைக்கும். மூன்று முறை சொல்வதால், யாரோ மேடே பற்றிப் பேசிக்கொண்டிருப்பதாகக் கேட்பவர் நினைக்க மாட்டார்.

பதற்றத்தில் அதிகம் நடக்கும் தவறு, பேசி முடித்தும் பேசுவதற்கான பொத்தானை விடாமல் அழுத்தியிருப்பது. அதுவரை பதில் காதில் விழாது. சேனலும் அடைபட்டுக் கிடக்கும். மற்றவர்கள் குறுக்கே பேசுவதும் ஆபத்து. கடல் விஎச்எஃப் பேச்சை அலையில் ஏற்றும் முறை எஃப்எம் என்பதால், வலுவான அலை பலவீனமானதை அப்படியே விழுங்கிவிடும். அதனால்தான் கடலோரக் காவல் நிலையம் 'சீலோன்ஸ் மேடே' (பிரெஞ்சு ஒலியில் 'சைலன்ஸ்', அதாவது அமைதி) என்று சொல்லி மற்ற எல்லோரையும் வாய்மூட வைக்கிறது.

எஞ்சின் நின்றது, ஆனால் உயிராபத்து இல்லை என்றால் 'பான்-பான்' என்னும் ஒரு படி கீழான அவசர அழைப்பு போதும். வேறொருவரின் மேடேவுக்குப் பதிலே வரவில்லையா? கேட்டதை எழுதிக்கொண்டு, 'மேடே ரிலே' என மூன்று முறை சொல்லி நீங்களே கடத்த வேண்டும்.