பனியனுக்குள் ஒரு ஸ்பீக்கர் காந்தம்

எக்ஸ்ரேவுக்காகச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். பனியனுக்குள் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய பழைய ஸ்பீக்கர் காந்தம். வியாசர்பாடிக்காரர், வார்ப்புப் பட்டறையில் 14 ஆண்டுகளாக, வார்ப்பில் ஒட்டிய மணலைத் தட்டி கிரைண்டரில் தேய்க்கிறார். "உள்ளே இருக்கும் இரும்புத் தூசியை இது இழுத்துவிடும் என்று செல்போனில் பார்த்தேன், டாக்டரம்மா" என்றார். இந்த மாதத்தில் காந்தத்தோடு வந்த மூன்றாவது ஆள்.

இழுக்காது ஐயா. தோல்தான் புண்ணாகும்.

கதைக்கு மூலம் உண்டு. 1973இல் அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் கோஹன் நுரையீரலில் தங்கிய இரும்புத் துகள்களைக் காந்தப்புலத்தால் அளக்கலாம் என்று காட்டினார். வலுவான காந்தத்தைக் காட்டி எடுத்துவிட்டால், துகள்கள் தாமே காந்தமாகி மிக மெல்லிய புலத்தை விட்டுவைக்கும். நுண்கருவி அதைப் படிக்கும். 1979இல் அவர் குழுவின் சோதனையில், தூசியைச் சுவாசித்து ஏறக்குறைய ஓராண்டு கழித்துப் புகைபிடிக்காதவர்களிடம் பத்தில் ஒரு பங்கு தூசிதான் மிஞ்சியிருந்தது. புகைபிடிப்பவர்களிடம் பாதி அப்படியே இருந்தது. பீடிக்காரர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

ஆனால் அது அளவை, வைத்தியமல்ல. உள்ளே எவ்வளவு இரும்பு என்று சொல்லுமே தவிர, நுரையீரல் கெட்டதா என்று சொல்லாது. அதைவிட முக்கியம்: மணல் தூசி, அதாவது சிலிக்கா, காந்தத்துக்கு மசியாது. இரும்புத் தூசி எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரிந்து பயமுறுத்தும். அந்த வேலையை விட்டால் நிழல் மெல்ல மங்கவும் கூடும். நுரையீரலைத் தழும்பாக்கிச் சுருக்குவது சிலிக்காதான்; வேலையை விட்ட பிறகும் அது நிற்பதில்லை. காந்தத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினால், பிழைத்தது தூசிதான். இவருக்கு எக்ஸ்ரேயின் மேல்பகுதி முழுக்கப் பொட்டுப் பொட்டாக இருந்தது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ஆனாலும் காசநோய் மாத்திரை முன்பே ஒரு சுற்று முடிந்திருந்தது. என்ன வேலை என்று எவரும் கேட்கவில்லையாம். சிலிக்கோசிஸ், அதாவது சிலிக்காவால் வரும் நுரையீரல் தழும்பு நோய் உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பிடிக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் இரண்டையும் பார்க்கச் சொல்கிறோம்.

வெல்லமும் வாழைப்பழமும் தூசியைக் கரைக்காது. அவை போகும் குழாய் வேறு. கைக்குட்டை முகமூடி ஆகாது. முகத்தோடு பொருந்தும் என்95 போடுங்கள், தாடி இருந்தால் அதுவும் பொருந்தாது. கம்ப்ரசர் காற்றால் சட்டையை ஊதாதீர்கள். தரையை நனைத்துவிட்டுக் கூட்டுங்கள். பட்டறைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், துவைப்பவரும் அதைத்தான் சுவாசிக்கிறார்.

கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பாய்ந்திருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அவசியம் சொல்லுங்கள். அங்கே காந்தம் நிஜமாகவே இழுக்கும்.

மூச்சு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனையோ ஸ்டான்லியோ, எங்கே போனாலும் முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்துப் போங்கள்.