கூட்டத்துக்கு ஒரு கணக்கு

இந்த வருஷம் இளங்கலை சமூகவியலில் சேர்ந்திருக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "குடும்பம், சாதி, கல்யாணம், மதம் என்று ஏற்கெனவே தெரிந்ததைத்தான் பாடமாக வைத்திருக்கிறார்கள். இதைப் படிக்க மூணு வருஷமா என்று வீட்டில் கேட்கிறார்கள். இது நிஜமாகவே அறிவியல்தானா?"

வீட்டில் கேட்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, அது உங்கள் பாடு. கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

முதல் பருவத்தில் வரும் பெயர்களை வேகமாகக் கடந்துவிடலாம். சமூகவியல் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஒகுஸ்த் கோம்த், 1830களின் கடைசியில். நிலமும் ஆலையும் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்றார் மார்க்ஸ். ஒருவர் தான் செய்யும் காரியத்துக்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறார் என்று பாருங்கள் என்றார் மாக்ஸ் வெபர். தேர்வுக்கு இதையெல்லாம் கைடிலேயே படித்துக்கொள்வீர்கள். எமில் துர்கைமிடம் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும்.

தனி மனிதர்களைக் கூட்டிப் போட்டால் சமூகம் கிடைத்துவிடாது என்பது அவருடைய பிடிவாதம். செம்பு, வெள்ளீயம், காரீயம் எல்லாமே மென்மையானவை, கலந்தால் வரும் வெண்கலம் கடினமானது, அந்தக் கடினம் எந்த உலோகத்துக்குள் இருந்தது என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் வெண்கலத்தின் கதையை வேதியியல்காரர் விளக்கிவிடுவார். மனிதர்கள் சேரும்போது, அவர்களில் யாரிடமும் இல்லாத ஒன்று எங்கிருந்து வருகிறது? இதற்கான ஒரு அழகான பதில் வர 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொன்னவர் மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர். அதைப் புரிந்துகொள்ள எண்ணத் தெரிந்தால் போதும்.

கல்யாணப் பந்தியைக் கவனித்திருப்பீர்கள். பாயசம் முடிந்து, மோர் சாதமும் முடிந்து, வரிசையில் பாதிப் பேர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் எழுந்திருக்க ஒரு கூச்சம். யாராவது ஒரு பெரியவர் இலையை மடித்தால் பக்கத்தில் ரெண்டு பேர் மடிப்பார்கள், அதைப் பார்த்து எதிர் வரிசை, அப்புறம் மொத்தப் பந்தியும் கை கழுவப் போய்விடும். ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு எண் இருக்கிறது என்று வையுங்கள்: இத்தனை பேர் செய்தால்தான் நானும் செய்வேன். அதைத் தொடக்க எண் என்போம். முதலில் இலை மடித்த பெரியவருக்கு அது பூஜ்யம், எனக்கு ஏழெட்டு இருக்கும்.

கிரானவெட்டர் பந்தியை எடுத்துக்கொள்ளவில்லை, கலவரத்தை எடுத்துக்கொண்டார். ஒரு சதுக்கத்தில் நூறு பேர் நிற்கிறார்கள். ஒருவருடைய தொடக்க எண் 0, அடுத்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, இப்படியே போய்க் கடைசி ஆளுக்கு 99. பூஜ்யக்காரர் யாருக்கும் காத்திராமல் ஒரு ஜன்னலை உடைக்கிறார். ஒருவர் உடைத்துவிட்டார் என்றதும் 1 உள்ளவர் இறங்குகிறார். ரெண்டு பேர் ஆனதும் 2 உள்ளவர். நூறு பேரும் கலவரத்தில். மற்ற 99 பேரும் இறங்கும்வரை நான் இறங்கமாட்டேன் என்று நின்ற அந்தப் பரம சாதுவும் சேர்த்துத்தான்.

இப்போது ஒரே ஒரு ஆளை மாற்றுங்கள். தொடக்க எண் 1 உள்ளவரை அனுப்பிவிட்டு, 2 உள்ள இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பூஜ்யக்காரர் ஜன்னலை உடைக்கிறார். 2 உள்ளவர்கள் இருவரும் இன்னொரு ஆளுக்காகப் பார்க்கிறார்கள், யாரும் வரவில்லை. 3 உள்ளவரும் பார்க்கிறார். அவ்வளவுதான், கலவரம் ஒரே ஆளோடு முடிந்தது.

இந்த இடம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் சலிக்காது. இரண்டு கூட்டத்துக்கும் சராசரி எடுத்துப் பாருங்கள்: 49.5, 49.51. எந்தக் கருத்துக்கணிப்பிலும் இந்த வித்தியாசம் தெரியாது. மறுநாள் பேப்பரில் மட்டும் முதல் ஊர் தீவிரவாதக் கும்பல் என்றும், இரண்டாம் ஊர் ஒரு கிறுக்கனை வேடிக்கை பார்த்த நல்ல குடிமக்கள் என்றும் வரும் (இந்தக் குத்தலையும் அவரே சொல்லிவிட்டார்). விளைவைப் பார்த்து மனசைக் கணிக்கிற நம் பழக்கம் இங்கே அடிபட்டுப் போகிறது.

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தார். விடிவதற்குள் டில்லியில் ஒரு கோயிலில் கிளம்பிய பேச்சு, அன்றைக்கே நாடு முழுக்கப் பரவி லண்டன் வரை போய்விட்டது. இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கி ரெண்டு மாசம்கூட ஆகாத காலம் அது. விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து கொடுத்து, அது சிலையின் மேல் வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். பரப்பு இழுவிசை என்று விளக்கமும் வந்தது. பால் எங்கே போனது என்பதற்கு அது போதும். அத்தனை பேர் ஸ்பூனோடு ஏன் வரிசையில் நின்றார்கள் என்பதற்கு மக்களின் மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டோம்.

எனக்கும் மூடநம்பிக்கைமேல் மரியாதை கிடையாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை விளக்கம் ஆகாது. அந்த வரிசையில் பக்தர் இருந்திருப்பார், தெருவே போகிறதே என்று போனவர் இருந்திருப்பார், கிண்டல் பண்ணப் போய் ஸ்பூனை வாங்கிப் பார்த்தவரும் இருந்திருப்பார். நம்பாதவர்கூட 60, 70 என்ற தொடக்க எண்ணோடு அங்கே வந்து சேரலாம். இதையெல்லாம் ஆராய ஆள் வேண்டும், காசு வேண்டும். சமூக அறிவியல் ஆராய்ச்சிக்கு என்று இந்திய அரசு 1969இல் ஒரு கவுன்சிலே அமைத்தது. அதற்குக் கொடுப்பதில் மட்டும் கை சுருங்குகிறது என்பது என் ஆதங்கம். ராக்கெட்டுக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை, வதந்தி எப்படிப் பரவுகிறது என்று தெரிந்துகொள்வதும் நாட்டுக்குத் தேவைதான் என்கிறேன்.

சரி, கணக்கில் இன்னொரு திருப்பமும் உண்டு. எல்லாரையும் நாம் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. நூறு பேரில் 48 பேர் இறங்கிவிட்டார்கள், பாதிப் பேர் இறங்கினால்தான் நான் வருவேன் என்கிறார் ஒருவர். 48 போதாது, நிற்க வேண்டும். ஆனால் அந்த நூறில் 20 பேர் அவருடைய நண்பர்கள், அதில் 15 பேர் ஏற்கெனவே உள்ளே. ஒரு நண்பரை ரெண்டு ஆளாக எண்ணினால் 120க்கு 63, அதாவது 52.5 சதவீதம். வந்துவிடுவார். யாருக்கு யாரைத் தெரியும் என்பதை மாற்றினாலே போதும், முடிவு மாறிவிடுகிறது. குடும்பம், சாதி, திருமணம் என்று பாடத்தில் வருவதையெல்லாம் இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அடுத்த கருத்தரங்கில் 'எனி டவுட்ஸ்?' என்று கேட்டதும் அரங்கமே மௌனமாகுமே, அப்போது ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: முதலில் கை தூக்கியவர் யார், அவருக்குப் பிறகு எந்த வரிசையில் யார், அவர்கள் பக்கத்தில் யார். ஒரு சிக்கலில் மாட்டுவீர்கள். மூன்றாவதாகக் கை தூக்கியவரின் தொடக்க எண் 2 என்று எழுதிவிட முடியாது. அவர் பூஜ்யக்காரராகவே இருக்கலாம், கேள்வியை யோசித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகியிருக்கலாம். கண்ணுக்குத் தெரிவது வரிசை மட்டும்தான். அதிலிருந்து உள்ளே இருக்கும் எண்ணை எப்படிப் பிடிப்பது என்பதை ஆய்வு முறைகள் தாளுக்குப் படிக்கும்போது உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். ஒரு வகுப்பு போதாது.